நூற்று முப்பத்திரண்டு பூச்சு

எங்கள் ஸ்கல்பின் தீவில் ஒரு கக்கூஸ் கதவு இருந்தது. அமெரிக்காவிலேயே வயதில் மூத்த கதவு அதுதான். சுதந்திரப் போரின்போது ஆங்கிலேயக் கப்பல்காரன் ஒருவன் அவசரமாக வந்து அதைத் தட்டினான் என்றும், உள்ளே ஆள் இருப்பது தெரிந்ததும் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான் என்றும் என் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூற்று முப்பத்திரண்டு வருஷம் என்பது என் கைச்சரக்கு அல்ல. அரசாங்க அதிகாரி ஒருவர் பூதக்கண்ணாடி வைத்து எண்ணி, கையெழுத்தும் போட்டுத் தந்த வயது அது.

அந்தக் கதவினால் தெர்ஸா பீல் தன் கலங்கரை விளக்கத்தைப் பறிகொடுக்க இருந்தாள். அவள் அண்ணன் ஓரின் உயிரையே கொடுக்க இருந்தான்.

தெர்ஸா இந்தத் தீவில் பிறந்தவள். 1959 செப்டம்பரில், இருபத்தோரு வயதில், ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக நான் இங்கே பள்ளி நடத்த வந்து இறங்கியபோது கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்று வயது. கணக்குப் போடச் சொன்னால் கப்பல் வரைவாள். பதினேழு வயதில் மேய்ன் மாநிலக் கரைக்குப் போய், மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் சேர்ந்தாள். இடது கையில் மீன், வலது கையில் கத்தரிக்கோல். தலையை வெட்டு, வாலை வெட்டு, டப்பாவில் படுக்கவை. முப்பத்தாறு வருஷம் இதுதான் வேலை. விரல் நுனிகளில் எப்போதும் பிளாஸ்திரி சுற்றியிருக்கும். கட்டிய புருஷன் பாதியிலேயே செத்துப்போனான். பிள்ளை இல்லை.

அந்த டப்பாவின் மூடியில் ஒரு படம் அச்சிட்டிருப்பார்கள். வெள்ளைக் கோபுரம், தலையில் சிவப்புத் தொப்பி, பின்னால் நீலக் கடல். அது எங்கள் தீவின் கலங்கரை விளக்கம்.

“ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் தடவ அதப் பாத்திருக்கேன் டீச்சர்,” என்பாள் தெர்ஸா. “எம் புருஷன் மூஞ்சியக்கூட அவ்வளவு பாத்ததில்ல. அவரும் அந்தளவுக்குப் பாக்கும்படியா இல்ல, அது வேற விஷயம்.”

ஆலையை மூடினார்கள். அதே வருஷம் அரசாங்கம் கலங்கரை விளக்கத்தை ஏலத்துக்கு விட்டது. விளக்கு மட்டும் தானாக எரியும். அது கடலோரக் காவல் படையின் பொறுப்பு. கோபுரமும் காவல்காரர் வீடும் வாங்குகிறவருக்கு. கூரை ஒழுகியது, கீழ்த்தளத்தில் ஆறு ஆடுகள் குடியிருந்தன, கரையிலிருந்து இருபத்திரண்டு மைல். யார் கேட்பார்கள்? தெர்ஸா ஒருத்திதான் கேட்டாள். ஆலை கொடுத்த கடைசிப் பணம் மொத்தமும் அதில் போயிற்று.

அவள் மூட்டையோடு வந்து இறங்கிய அன்று கடையில் பத்துப் பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓரினும் இருந்தான்.

“எந்தங்கச்சியப் பாத்தீங்களா?” என்றான் எல்லாரும் கேட்கும்படி. “ஊர்ல எல்லாரும் மீனத் தின்னுட்டு டப்பாவ எறிவாங்க. இவ டப்பா மேல இருந்த படத்த வெலைக்கு வாங்கிட்டு வந்திருக்கா.”

கடையே சிரித்தது. தெர்ஸா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மூன்று வருஷம் அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் சிங்கி இறால் பிடிக்கும் படகில் கோபுரத்தைக் கடந்து போவான். அவள் முதுகைத் திருப்பிக்கொள்வாள். சொல்ல வேண்டியது இருந்தால் இரண்டு பேரும் என்னிடம் சொல்வார்கள். தபால்காரி வேலையும் பார்த்தேன், சம்பளமில்லாமல்.

விற்பனைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று வருஷத்துக்குள் கோபுரத்தின் வெளிப்புறத்தை 1896ஆம் வருஷத்துப் புகைப்படத்தில் உள்ளபடி கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் எல்லாம் திரும்ப அரசாங்கத்துக்கே. கொடுத்த பணம் போனது போனதுதான். அந்த மூன்று வருஷம் 2003 அக்டோபர் பதினைந்தாம் தேதி முடிந்தது.

முதல் வருஷம் ஆடுகளை வெளியேற்றினாள். அவற்றுக்கும் அவளுக்கும் நடந்த சண்டையை இங்கே எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இரண்டாம் வருஷம் முழுக்க சுவரைச் சுரண்டினாள். இடையில் யாரோ நல்லது செய்வதாக நினைத்துக் கோபுரத்துக்கு எண்ணெய்ப் பெயின்ட் அடித்திருந்தார்கள். செங்கலுக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல், குளிர்காலத்தில் உறைந்து உப்பி, செங்கல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது.

“செங்கல் மூச்சு விடணும் டீச்சர். சுண்ணாம்புதான் அதுக்குச் சட்டை. பெயின்ட் அதுக்கு ரப்பர் கோட்டு,” என்பாள்.

சுண்ணாம்பைத் தானே நீற்றினாள். உப்பும் கொழுப்பும் சேர்த்து ஒரு மாதம் பீப்பாயில் ஊறவைத்து, மேலிருந்து கயிற்றில் தொங்கியபடி பூசிக்கொண்டே இறங்கினாள். ஐம்பத்தேழு வயதில். கீழே நின்று நான் பார்ப்பேன். பார்க்க முடியாதபோது கண்ணை மூடிக்கொண்டு பூசு பூசு என்று கத்துவேன்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. அனுப்பியவர் கிம்பல் என்கிற அதிகாரி. அக்டோபர் பதினான்காம் தேதி நேரில் வந்து பார்ப்பாராம். கடல் பக்கம் முழுக்கப் பூசி முடிந்திருக்க வேண்டும். கோபுரத்துக்குக் கீழே சரிவில் நிற்கும் மரக் கொட்டகை புகைப்படத்தில் இல்லை, ஆகவே அகற்றப்பட வேண்டும்.

மரக் கொட்டகை என்று அவர் மரியாதையாக எழுதியது காவல்காரர் கக்கூஸை. கடலைப் பார்த்தபடி வெள்ளைக் கதவு. அந்தப் பக்கம் மீனைத் தவிர யாரும் வரமாட்டார்கள் என்று அப்படிக் கட்டியிருந்தார்கள். புகைப்படத்தில் அந்த இடத்தில் காவல்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள், கூடாரம் மாதிரி ஒரு பாவாடையோடு. பாவாடைக்குப் பின்னால் கக்கூஸ் இருந்ததா இல்லையா என்பது அந்த அம்மாளுக்கே வெளிச்சம்.

கக்கூஸ் போகிறது என்கிற செய்தி கடைக்கு வந்ததும் ஆண்களுக்கு என்னவோ ஆயிற்று.

முதலில் படகுக்கார லெண்டல் வந்தான். வாழ்நாளில் யாருக்கும் ஒரு பூ கொடுத்தறியாதவன், கையில் ஒரு ஆப்பிள் பையோடு வந்தான்.

“தெர்ஸா, அத இடிக்காத. எங்க பாட்டிக்கு அந்த இடம்னா உசுரு.”

“கக்கூஸா?”

“அதுல உக்காந்துதான் பைபிள் படிப்பாங்க. அமைதியா இருக்கும்னு.”

“உங்க பாட்டிக்குப் படிக்கத் தெரியாது லெண்டல்.”

“அதான் அவ்வளவு நேரம் ஆகும்,” என்று சொல்லிவிட்டு ஆப்பிளை வைத்துவிட்டு ஓடினான்.

மறுநாள் இன்னொரு படகுக்காரன், ஆல்வா. கூரை இடுக்கில் குருவி கூடு கட்டியிருக்கிறதாம், பாவமாம். அவன் குருவியைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. கடற்காக்கைகளைப் பார்த்தால் துப்பாக்கி எடுக்கிற ஆள்.

கடைசியாக ஓரின், என் வீட்டு வாசலில்.

“டீச்சர், அவகிட்டச் சொல்லுங்க. கொட்டகை போனாப் போவுது. கதவ மட்டும் அங்கேயே நிக்க வைக்கச் சொல்லுங்க.”

“சுவரில்லாம கதவா? எதுக்குடா?”

பூட்ஸால் வாசல் மண்ணைக் கிளறினான். “நல்ல கதவு, டீச்சர்,” என்றான்.

நான் போய்ச் சொன்னேன். தெர்ஸாவுக்கு ஆத்திரம் வந்தது.

“மூணு வருஷமா ஒருத்தன் ஒரு ஏணி பிடிக்க வரல. இப்ப கக்கூஸுக்கு வக்காலத்து வாங்க வரிசையா வரானுங்க. நான் தோக்கணும்னு பாக்குறானுங்க டீச்சர். அதிகாரி வரும்போது அது நின்னா எனக்கு லைட்டவுஸ் போச்சு. அவனுங்களுக்கு அதுதான் வேணும்.”

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கதவை யாரோ வருஷா வருஷம் வசந்த காலத்தில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். யாரென்று யாருக்கும் தெரியாது. செத்துப்போன காவல்காரரின் ஆவி என்று நான் பள்ளியில் சொல்லிவைத்திருந்தேன். அந்த ஒரு கதையை மட்டும் பிள்ளைகளின் அப்பன்மார் யாரும் மறுக்கவில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பதின்மூன்றாம் தேதி காலை ஓரின் கரைக்குக் கிளம்பினான். தபால் படகு பழுதாகிக் கிடந்ததால் அதிகாரியை அழைத்துவரும் வேலை அவனுக்கு வந்தது. அவன் படகு மறைந்ததும் தெர்ஸா கோடாரியை எடுத்தாள். மாலைக்குள் கக்கூஸ் விறகாகிவிட்டது. குழியில் சிப்பியும் மண்ணும் போட்டு நிரப்பினாள். கதவு மட்டும் பிளக்க வரவில்லை. மூன்று பலகை, அதன்மேல் விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு. அதை இழுத்துக்கொண்டு வந்து கோபுரத்தடியில் இரண்டு பீப்பாய்மேல் போட்டு, பூச்சு கலக்கும் மேஜையாக்கிக்கொண்டாள்.

பதினான்காம் தேதி விடிந்தபோது மிச்சம் இருந்தது கடல் பக்கத்தின் அடியில் ஓர் ஆள் உயரம். அதற்கென்று இரண்டு வாளி சுண்ணாம்பு. அதற்குமேல் தீவில் ஒரு கரண்டி கிடையாது. புதிதாக நீற்றினால் ஒரு மாதம் ஊற வேண்டும்.

“மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவேன்,” என்றாள் தெர்ஸா. “ரெண்டு மணிக்கு வராங்க.”

ஆனால் காலையிலிருந்தே கடல் சரியில்லை. எங்கோ தெற்கில் அடித்த புயலின் அலை, பெரிய பெரிய மேடுகளாக வரத் தொடங்கியது. பத்து மணிக்குக் காற்றும் சேர்ந்துகொண்டது. மற்ற படகுகள் எல்லாம் துறைக்குள் பத்திரமாக இருந்தன. வெளியே இருந்தது ஓரின் ஒருவன்தான். காற்றில் பூச்சு சுவரில் நிற்காமல் பறந்தது. தெர்ஸா தூரிகையைப் போட்டுவிட்டுக் காற்று தணியக் காத்திருந்தாள். தணியவில்லை.

எங்கள் துறைக்கு ஒரே வாசல். பெயர் ஊசிக்காது. உள்ளே வரும்போது வலப்பக்கம் ஒரு பாறை, அதன் பெயர் டீக்கன். இடப்பக்கம் ஒரு பாறை, டீக்கன் பெண்டாட்டி. நடுவில் அறுபது அடி அகலத்துக்குத் தண்ணீர். அமைதியான நாளில் இரண்டு பாறையும் கண்ணுக்குத் தெரியும், பிள்ளைகள்கூடத் துடுப்புப் போட்டுக்கொண்டு போகும். அலை எழும்பிவிட்டால் அந்தப் பக்கம் முழுவதும் ஒரே வெள்ளை நுரை. எது வாசல், எது பாறை என்று யாராலும் சொல்ல முடியாது. படகில் இடம் காட்டும் மெஷின் உண்டு. ஆனால் மெஷினின் வரைபடம் டீக்கனைக் காட்டும் இடத்துக்கும் கடவுள் டீக்கனை வைத்த இடத்துக்கும் நாற்பது அடி வித்தியாசம்.

இரண்டு மணிக்கு ஓரினின் படகு தெரிந்தது. நேராக வந்தது. வாசலுக்குக் கால் மைல் முன்னால் திரும்பியது. ஒரு வட்டம் போட்டது. மறுபடி நேராக வந்தது. மறுபடி திரும்பியது.

“ஏன் சுத்துறான்?” என்றேன். “நாப்பது வருஷமா வர்ற வழி இல்லையா?”

தெர்ஸா தொலைநோக்கியை எடுத்தாள். அண்ணன்மேல் கோபம் இருந்தாலும் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. திரும்பும்போது ஒரு அலை படகின் பக்கவாட்டில் அடித்துப் பின்பக்கம் முழுக்க நிரம்பியது. அதிகாரி சக்கரத்துக்கு அருகில் எதையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போகவும் வழியில்லை. இருபத்திரண்டு மைல், காற்றுக்கு எதிர்முகமாக.

“அவன் பாறையப் பாக்கல,” என்றாள். “கோபுரத்தையும் பாக்கல. கீழ பாக்குறான். எதையோ தேடுறான்.” தொலைநோக்கியை இறக்கினாள். நேற்றுவரை கக்கூஸ் நின்ற இடத்தைப் பார்த்தாள். “டீச்சர். கதவு.”

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபுரம் மேலே, கதவு கீழே. கடலிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றால் படகு ஊசிக்காதின் நடுவில் இருக்கிறது. கதவு இடப்பக்கம் நழுவினால் படகு டீக்கன்மேல் போகிறது. வலப்பக்கம் நழுவினால் பெண்டாட்டிமேல். இந்தத் தீவில் அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ரகசியம் இது. பெண்டாட்டிக்குச் சொல்லமாட்டார்கள், தங்கைக்குச் சொல்லமாட்டார்கள், பக்கத்துப் படகுக்காரனுக்குச் செத்தாலும் சொல்லமாட்டார்கள். தனக்கு வேறு பெண்ணோடு பழக்கம் என்று ஒருவன் ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்வான், இந்த அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கமாட்டான்.

தெர்ஸா மேஜைமேல் இருந்த கிண்ணம், தூரிகை எல்லாவற்றையும் தட்டிவிட்டாள். கதவின் ஒரு முனை அவள், ஒரு முனை நான். நாற்பது எட்டு சரிவு. எனக்கு அறுபத்தைந்து வயது, எலும்பில் வாதம். ஓடினேன். குழி இருந்த இடத்தில் கதவை நட்டுக்குத்தலாக நிறுத்தி அவள் பின்னால் தோள் கொடுத்தாள். நான் அவள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு காலை ஊன்றினேன். ஒரு கால் பாறையில். இன்னொன்று நேற்று நிரப்பிய குழியில் முழங்கால்வரை இறங்கியது. சிப்பி போட்டதெல்லாம் மேலோட்டமாகத்தான் போட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

“இடது பக்கம் சாயுது! நேராப் பிடி!” என்று கத்தினேன்.

“நீங்க என்னைய நேராப் பிடிங்க!”

படகு வட்டம் போடுவதை நிறுத்தியது. மூக்கை எங்கள் பக்கம் திருப்பியது. மூன்று அலைகளை விட்டுவிட்டு நான்காவதன் முதுகில் ஏறி உள்ளே வரத் தொடங்கியது. இனி அதனால் திரும்ப முடியாது.

அப்போது பின்னால் பாறையில் மோதித் திரும்பிய காற்று கதவைப் பிடுங்கியது. நான் பார்த்தேன்: இரண்டு பலகை தனியாகப் பிய்ந்து, பெரிய பறவை மாதிரி ஒரு தடவை புரண்டு கடலில் விழுந்தன. ஒரு பலகை மட்டும் தெர்ஸாவின் கையில். ஒரு சாண் அகலம். நுரைக்கு நடுவில் அது கண்ணுக்குத் தெரியுமா? தெரியவில்லை. படகின் மூக்கு ஆட ஆரம்பித்தது. வலப்பக்கம் டீக்கன் ஒரு தடவை தண்ணீரை உதறிவிட்டு எழுந்து காட்டியது. கறுப்பு, படகைவிட உயரம்.

தெர்ஸா பலகையை என் மேல் போட்டுவிட்டு மேலே ஓடினாள்.

இரண்டு வாளியோடு திரும்பி வந்தாள். நான் தடுக்கவில்லை, ஆனால் அவள் ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். நின்று கோபுரத்தின் பூசாத அடியைப் பார்த்தாள். பிறகு முதல் வாளியை அப்படியே பாறைமேல் வீசினாள். குழிக்குப் பின்னால் சுவர் மாதிரி நின்ற பாறை அது. சுண்ணாம்பு வழிந்து வெள்ளையாயிற்று. இரண்டாவது வாளியை அதன்மேல். பாதி என் தலையில். கதவின் அகலத்துக்கு, கதவின் உயரத்துக்கு, கறுப்புப் பாறையில் ஒரு வெள்ளைப் பட்டை.

“பாரு!” என்று கத்தினாள், மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அண்ணனிடம். “ஓரின்! இங்க பாரு!”

காற்றில் அது எங்கே கேட்கப்போகிறது. ஆனால் மூக்கு இடப்பக்கம் திரும்பியது. ஓர் அடி, இரண்டு அடி. டீக்கனின் நுரை படகின் வலப்பக்கத்தைக் கழுவிக்கொண்டு போயிற்று. அலை படகைத் தூக்கி, ஊசிக்காதுக்குள் எறிந்து, மறுபக்கம் அமைதியான தண்ணீரில் இறக்கியது.

தெர்ஸா உட்கார்ந்துவிட்டாள். நான் குழியில் ஏற்கெனவே பாதி உட்கார்ந்துதான் இருந்தேன்.

அப்போதுதான் துறையிலிருந்து மேலேறி லெண்டல் ஒரு பக்கமும் ஆல்வா ஒரு பக்கமும் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். லெண்டல் கையில் அவன் மனைவியின் புதுப் படுக்கை விரிப்பு. ஆல்வா கையில் அவர்கள் வீட்டு பிரிட்ஜ் கதவு.

“நீ எதுக்கு வந்த?” என்றான் லெண்டல்.

“நீ எதுக்கு வந்த?” என்றான் ஆல்வா.

இரண்டு பேரும் பாறையிலிருந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்தார்கள். லெண்டல் விரிப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

ஒரு மணி நேரம் கழித்துக் காவல்காரர் வீட்டு அடுப்படியில் கிம்பல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், பாஸ்டன் பக்கத்துக்காரர். மீன் சூப்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மூன்று ஆண்களும் கதவருகே நின்றார்கள். யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“மேடம், என் உயிரக் காப்பாத்தியிருக்கீங்க. அதுக்கு நான் நன்றி சொல்லணும்,” என்றார் கிம்பல். “ஆனா நான் பாத்தத எழுதித்தான் ஆகணும். கடல் பக்கம் அடியில பூச்சு முடியல. பாறையில புதுசா வெள்ளையடிச்சிருக்கு, அது புகைப்படத்துல இல்ல. நாளைக்குக் கெடு முடியுது. சட்டப்படி பாத்தா...”

“எழுதுங்க,” என்றாள் தெர்ஸா. அவள் விரல்களில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. “இருந்தது ரெண்டு வாளி. அதுக்கு வேற வேலை வந்திருச்சு.”

கிம்பல் பேனாவை எடுத்தார். அடுப்பில் விறகு வெடித்தது. அது கக்கூஸ் விறகு.

“நில்லுங்க,” என்றான் ஓரின்.

எல்லாரும் திரும்பினார்கள். அவன் முகம் சுட்ட சிங்கி இறால் மாதிரி சிவந்திருந்தது. லெண்டலையும் ஆல்வாவையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

“அந்தக் கதவு எங்க அடையாளம். கோபுரத்துக்குக் கீழ கதவ வச்சு உள்ள வருவோம். எங்கப்பா எனக்குச் சொன்னது. அது இல்லாம இந்தத் தொறைக்குள்ள வர முடியாது. எந்தங்கச்சிக்கு நான் சொல்லியிருக்கணும். சொல்லல.”

“எங்க அடையாளம்டா அது!” என்றான் லெண்டல். “எங்க தாத்தாவோடது! உனக்கு யாரு சொன்னா?”

“ஒங்க தாத்தாவா?” என்று பாய்ந்தான் ஆல்வா. “எங்க வீட்டு ஆளுங்களத் தவிர எவனுக்கும் தெரியாதுன்னு எங்கப்பா சாகும்போது எங்கிட்டச் சத்தியம் வாங்கினாரு!”

“எங்கிட்டயும்தாண்டா சத்தியம் வாங்கினாங்க!”

“ஏண்டா,” என்றேன் நான், “அப்ப பைபிள் படிச்ச பாட்டி?”

தெர்ஸா சிரித்துவிட்டாள். முதலில் மூக்கால், பிறகு மேஜையில் தலையை வைத்துக்கொண்டு. ஓரின் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கிம்பல் மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தார். “அப்படின்னா அது பழைய கட்டடமா? 1896க்கு முந்தியதா?”

“புகைப்படத்துல அந்தம்மா பாவாடை மறைக்குது,” என்றாள் தெர்ஸா.

“ஏதாவது ஆதாரம்?”

என் மடியில் அந்த ஒற்றைப் பலகை கிடந்தது. அதை யாரிடமும் கொடுக்காமல் வீடுவரை கொண்டுவந்திருந்தேன், ஏனென்று எனக்கே தெரியாது. கிம்பல் அதை வாங்கி, உடைந்த விளிம்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்தார். சுண்ணாம்பு அடுக்கு அடுக்காக, மர வளையம் மாதிரி.

“இத எத்தன வருஷத்துக்கு ஒரு தடவ பூசுவாங்க?”

மூன்று ஆண்களும் பூட்ஸைப் பார்த்தார்கள்.

“வருஷத்துக்கு ஒரு தடவ,” என்றான் ஓரின்.

“யாரு பூசுவாங்க?”

“பூசுறவங்க.”

அரை மணி நேரம் எண்ணினார். இடையில் யாரோ இருமி எண்ணிக்கை தவறி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நூற்று முப்பத்திரண்டு. பிறகு நீளமாக எழுதினார். எழுதியதைத் தெர்ஸா வாங்கிப் படித்தாள், பிறகு என்னிடம் கொடுத்தாள். நான் சத்தமாகப் படித்தேன். அந்த மரக் கட்டடம் 1871ஐ ஒட்டிய தொன்மையுடையது. கடல் போக்குவரத்துக்கு இன்றியமையாதது. அது தவறுதலாக அகற்றப்பட்டது அலுவலகக் கடிதத்தின் பிழை. உரிமையாளர் ஓராண்டுக்குள் அதை அதே இடத்தில், அதே அளவில், வெள்ளைக் கதவோடு மீண்டும் கட்ட வேண்டும். அதன் பொருட்டு மற்ற வேலைகளுக்கும் கெடு ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது.

கக்கூஸ் கட்டச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது இந்த நாட்டிலேயே தெர்ஸாவுக்குத்தான். இது மிகை இல்லை.

ஓரின் பலகை அறுத்தான், லெண்டல் தூண் நட்டான், ஆல்வா கூரை போட்டான். கோபுரம் இன்றும் தெர்ஸாவுடையது. எழுபத்திரண்டு வயதில் இன்னும் கயிற்றில் தொங்கிப் பூசுகிறாள், நான் இன்னும் கீழே நின்று கண்ணை மூடிக்கொள்கிறேன்.

இதை எழுதி முடித்து ஓரினுக்குப் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு என் அடுப்படிக்கு வருவது அவன் வழக்கம். கடைசிவரை கேட்டான். காதைச் சொறிந்தான்.

“டீச்சர், எத்தன பூச்சுன்னு எழுதியிருக்கீங்க?”

“நூத்தி முப்பத்திரண்டு. அதிகாரி எண்ணினது.”

“எண்ணினது சரிதான். பூசினது எத்தன வீடு?”

பேனாவை வைத்தேன்.

“ஏப்ரல்ல லெண்டல் வீடு, மே மாசம் ஆல்வா வீடு, ஜூன்ல நாங்க. அவனுங்களும் அத ரகசியம்னு வச்சிருந்தானுங்கன்னு அன்னிக்கு இந்தப் பூட்ஸப் பாத்துக்கிட்டு நிக்கும்போதுதான் எனக்கு வெளங்குச்சு. வாயத் தொறக்கல. நீங்க கணக்கு டீச்சர், மூணால வகுங்க.”

“நாப்பத்தி நாலு,” என்றேன்.

“பழைய கக்கூஸு அம்பத்தொம்பது மார்ச் புயல்ல போச்சு. இத எங்கப்பா கட்டினாரு, நாந்தான் ஆணி எடுத்துக் குடுத்தேன். முத வருஷம் பூசல, மரம் புதுசு.” காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். “நீங்க வந்து எறங்குனது அந்த செப்டம்பர்ல. கதவு உங்களவிட ஆறு மாசம்தான் சீனியர், டீச்சர்.”